நிலவின் கண்ணில் குண்டு பாய்ச்சியவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள், தேசிய அறிவியல் நாளை ஒட்டி எங்கள் இயற்பியல் மன்றத்தில் ஒரு பழைய திரைப்படம் காட்டினார்கள். அதில் பேச்சு இல்லை. ஓடிய நேரம் கால் மணிதான். 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் எடுக்கப்பட்ட 'நிலவுக்குப் பயணம்' என்பது அந்தப் படம்.

படம் தொடங்கும் முன் எங்கள் பேராசிரியர் ஒரு போட்டி வைத்தார். இந்தப் படத்தில் உள்ள அறிவியல் பிழைகளை யார் மிகுதியாகக் கண்டுபிடிக்கிறார்களோ அவருக்கு ஒரு பேனா பரிசு என்றார். நான் முன் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கினேன். ஆறு வானியலறிஞர்கள் ஒரு குண்டுக்குள் ஏறிக்கொள்கிறார்கள். அந்தக் குண்டைப் பீரங்கியில் திணித்து நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். பூமியின் ஈர்ப்பை விட்டு விலக நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பீரங்கிக் குழாயின் நீளத்துக்குள் அந்த வேகத்தை எட்டினால் உள்ளே இருப்பவர்கள் எலும்பும் மிஞ்சாமல் நசுங்கியிருப்பார்கள். நிலவில் காற்று இல்லை. இவர்களோ கோட்டும் தொப்பியுமாக இறங்கி மூச்சு விடுகிறார்கள். நட்டு வைத்த குடை பெரிய காளானாக வளர்கிறது. திரும்பும்போது குண்டு நிலவின் விளிம்பிலிருந்து உருண்டு நேராகப் பூமியில் விழுகிறது. இப்படி நான் 14 பிழைகளை எழுதினேன். பேனாவும் எனக்கே கிடைத்தது.

பேனாவைக் கையில் கொடுத்த பேராசிரியர், ஒரு வேலையையும் கூடவே கொடுத்தார். நீ கண்ட இந்தப் பிழைகள் படம் எடுத்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும், அவரைப் பற்றிப் படித்துவிட்டு வந்து சொல் என்றார். அந்த வேலையின் பயனே இக்கட்டுரை. பிழை எண்ணப் புகுந்த நான், ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்து மனம் கனத்துத் திரும்பினேன். அதை என் கல்லூரித் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் மெலியே 1861ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தை காலணி தைக்கும் தொழிலாளியாகப் பாரிசுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, உயர்ந்த வகைப் பூட்சுகள் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு உரிமையாளர் ஆனவர். தாயார் டச்சு நாட்டைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பமும் காலணித் தொழிலில் இருந்ததே. ஆகவே மெலியே பிறந்தது தோலும் ஆணியும் மணக்கும் ஒரு வீட்டில். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர் கதையில் காலணி மீண்டும் ஒருமுறை வரும்.

வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள். ஹென்றி, காஸ்தோன் என்பவர்கள் மூத்தவர்கள், ஜார்ஜ் கடைக்குட்டி. பள்ளியில் நல்ல கல்வி கிடைத்தது. ஆனால் பிள்ளையின் கை சும்மா இராது. பாடக் குறிப்பேட்டின் ஓரங்களில் ஆசிரியர்களையும் தோழர்களையும் கேலிச் சித்திரமாக வரைந்துகொண்டே இருப்பார். பத்து வயதிலேயே அட்டைகளை வெட்டிப் பொம்மை நாடக மேடை செய்து விளையாடினார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் உள்ளம் துணுக்குற்றது. அதன் காரணத்தைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

படிப்பும் இராணுவப் பணியும் முடிந்தபின், 1884இல் தந்தை அவரை ஆங்கிலம் கற்று வரும்படி இலண்டனுக்கு அனுப்பினார். வணிகத்துக்கு ஆங்கிலம் பயன்படும் என்பது தந்தையின் கணக்கு. மகனோ அங்கே எகிப்தியன் ஹால் என்னும் அரங்கில் மாஸ்கலின் என்பவர் நடத்திய செப்பிடு வித்தைகளைக் கண்டு மயங்கினார். ஆங்கில நாடகத்தைச் சுவைக்க மொழி வேண்டும். மாயவித்தைக்கு மொழி எதற்கு? மாலைதோறும் அந்த அரங்கிலேயே கிடந்து, தாமும் வித்தை பழகத் தொடங்கினார்.

பாரிசுக்குத் திரும்பி, ஓவியம் பயிலப் போகிறேன் என்றார். தந்தை இசையவில்லை. தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. வேண்டா வெறுப்பாகத்தான் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். ஆயினும் பல்சக்கரம், நெம்புகோல், வார்ப்பட்டை ஆகியவற்றோடு அங்கே அவர் கொண்ட பழக்கம் பின்னாளில் வீண்போகவில்லை. 1885இல் அவருக்குத் திருமணமும் நடந்தது.

மாயவித்தை அரங்கு

1888இல் தந்தை தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். மெலியே தமக்கு வந்த பங்கைத் தமையன்மாரிடமே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ராபர்ட்-ஹூடின் அரங்கை விலைக்கு வாங்கினார். பிரெஞ்சு நாட்டு மாயவித்தைக் கலையின் தந்தை எனத்தக்க ராபர்ட்-ஹூடின் தொடங்கிய அரங்கு அது. அமெரிக்காவில் புகழ்பெற்ற ஹூடினி தம் பெயரையே இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்றால், அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பை அறியலாம்.

ஏறக்குறைய 200 பேர் அமரக்கூடிய சிறிய அரங்குதான் அது. ஆனால் மெலியேவுக்கு அதுவே உலகமாயிற்று. புதுப் புது வித்தைகளை அவரே கற்பனை செய்தார். அவற்றுக்கான பொறிகளை அவரே அமைத்தார். திரைச்சீலைகளை அவரே தீட்டினார். வித்தையோடு நகைச்சுவையையும் கலந்தார். தலை துண்டாகும் வித்தை என்றால் பார்ப்பவர் நடுங்குவதுதான் வழக்கம். மெலியேயின் மேடையில் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த ஒரு மாலை

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் உலகத் திரைப்பட வரலாற்றில் மறக்க முடியாத நாள். பாரிசில் கிராண்ட் கபே என்னும் உணவு விடுதியின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் அசையும் படங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முதன்முதலாகக் காட்டினார்கள். அழைக்கப்பட்டிருந்தவர்களுள் மெலியேயும் ஒருவர். திரையில் குதிரைவண்டி நகர்வதைக் கண்டு வாய் பிளந்து அமர்ந்திருந்தார். காட்சி முடிந்ததும், அந்தக் கருவியைத் தமக்கு விற்கும்படி கேட்டு 10,000 பிராங்குகள் தருவதாகச் சொன்னார். லூமியேர் குடும்பத்தார் விற்க மறுத்துவிட்டனர்.

மறுத்தால் என்ன? மெலியே இலண்டனுக்குச் சென்று ராபர்ட் பால் என்பவர் செய்த படம் காட்டும் கருவியை வாங்கி வந்தார். அதைப் பிரித்து, அதன் அமைப்பை ஆராய்ந்து, அதையே மாற்றிப் படம் பிடிக்கும் கேமராவாகச் செய்துகொண்டார். காலணித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்த கை அல்லவா! அந்தக் கேமரா ஓடும்போது காப்பிக்கொட்டை அரைப்பது போல் ஓசை எழுமாம். 1896இல் படம் பிடிக்கத் தொடங்கி, அந்த ஓராண்டிலேயே ஏறக்குறைய 80 குறும்படங்களை எடுத்துவிட்டார்.

ஒருநாள் பாரிசின் ஓபரா திடலில் போக்குவரத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தபோது பிலிம் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் வண்டிகளும் மனிதர்களும் இடம் மாறிவிட்டார்கள். மெலியே அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து எடுத்தார். பின்பு திரையில் ஓட்டிப் பார்த்தால், பயணிகள் வண்டி ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் பிணவண்டியாக மாறியது, ஆண்கள் பெண்களானார்கள்! இது அவரே பிற்காலத்தில் கூறிய நிகழ்ச்சி. கேமராவை நிறுத்தி, பொருளை மாற்றி, மீண்டும் ஓட்டும் உத்தியை அமெரிக்காவில் 1895இலேயே ஒரு படத்தில் கையாண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கே அது ஒரு தலைவெட்டுக் காட்சிக்கு மட்டும் பயன்பட்டது. அதை நூற்றுக்கணக்கான விதங்களில் விரித்து, அதிலிருந்து ஒரு கலையையே உண்டாக்கியவர் மெலியேதான்.

கண்ணாடி மாளிகை

1897இல் பாரிசை அடுத்த மொந்த்ரேய் என்னும் ஊரில், தமக்குச் சொந்தமான தோட்டத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையம் கட்டினார். சுவரும் கூரையும் கண்ணாடி. மின்விளக்கை நம்பிப் படம் எடுக்க முடியாத காலம் அது. கதிரவன் ஒளிதான் ஒரே விளக்கு. உள்ளே இருந்த மேடை, அவருடைய மாயவித்தை அரங்கின் மேடை அளவிலேயே அமைக்கப்பட்டது. வானில் மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். அக்காலப் பிலிமில் சிவப்பு நிறம் கறுப்பாகத் தெரியும் என்பதால், காட்சித் திரைகள் யாவும் சாம்பல் நிறச் சாயல்களிலேயே தீட்டப்பட்டன.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னை வியக்க வைத்தது அவருடைய செய்முறைத் திறன்தான். 1900இல் வந்த ஒரு படத்தில் ஏழு இசைக் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்து வாசிக்கிறார்கள். ஏழு பேரும் மெலியேயே! கறுப்புப் பின்னணிக்கு முன் ஒருமுறை நடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த இடத்தில் அமர்ந்து மீண்டும் நடித்து, இப்படி ஏழு முறை ஒரே பிலிமில் பதிவு செய்தார். ஏழாவது முறை கை சற்றுப் பிசகினால் முதல் ஆறு முறை பட்ட பாடும் வீண். மற்றொரு படத்தில் அவருடைய தலை காற்றடைத்த பலூன் போலப் பருத்துக்கொண்டே போகிறது. கேமரா அசையவில்லை. சரிவான தளத்தில் நகரும் இருக்கையில் அமர்ந்து அவரே கேமராவை நெருங்கி வந்தார். தொலைவு குறையக் குறையப் பிம்பம் பெரிதாகும் என்னும் ஒளியியல் பாடம்தான் அது! நாம் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அவர் அதைக் கொண்டு உலகத்தைச் சிரிக்க வைத்தார்.

கதை, காட்சி, உடை, பொறி, இயக்கம், நடிப்பு என எல்லாம் அவர் கையால் நடந்தன. பிறருடைய முதலீடு இல்லை. பெரிய நிறுவனத்தின் ஆதரவும் இல்லை. ஸ்டார் பிலிம் என்னும் தம் சொந்தப் பெயரிலேயே படங்களை வெளியிட்டார். நகைச்சுவையோடு மட்டும் அவர் நின்றுவிடவும் இல்லை. குற்றமற்ற யூத இராணுவ அதிகாரி டிரைபஸ் தண்டிக்கப்பட்டு நாடே இரண்டுபட்டுக் கிடந்த 1899இல், அவர் பக்கம் நின்று அந்த வழக்கையும் படமாக்கினார்.

நிலவுக்குப் பயணம்

இனி அந்த நிலவுப் படத்துக்கு வருகிறேன். 1902ஆம் ஆண்டு கோடைக் காலத்தில் ஏறத்தாழ மூன்று மாத உழைப்பில் உருவானது அது. செலவு 10,000 பிராங்குகள். ஏழாண்டுகளுக்கு முன் லூமியேரின் கருவிக்குத் தருவதாகச் சொன்ன அதே தொகை! ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடும் படங்களே பெருவழக்காக இருந்த அந்நாளில், 30 காட்சிகள் கொண்ட இந்தப் படம் ஒரு பெருமுயற்சி. ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நிலவுப் பயணக் கதையும், அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த எச். ஜி. வெல்சின் நாவலும் அவருக்குக் கற்பனை ஊட்டின.

ஆனால் வெர்ன் கணக்குப் போட்டு எழுதினார். மெலியே கேலி செய்து எடுத்தார். படத்தின் முதற்காட்சியைக் கூர்ந்து பாருங்கள். வானியலறிஞர்கள் மந்திரவாதிகளைப் போல நட்சத்திரம் பதித்த நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் அணிந்து கூடுகிறார்கள். தலைவர் கரும்பலகையில் பூமியையும் நிலவையும் வரைந்து விளக்குகிறார். ஒருவர் எதிர்க்கிறார், உடனே தலைவர் மேசையிலிருந்த தாள்களை எடுத்து அவர் மேல் வீசுகிறார். அந்தத் தலைவராக நடித்தவரும் மெலியேதான். பீரங்கியைத் திணிக்கும் வேலையை மாலுமி உடையணிந்த நடன மங்கையர் கையசைத்துச் சிரித்தபடி செய்கிறார்கள். இதையெல்லாம் செய்தவருக்கு நிலவில் காற்று உண்டா இல்லையா என்பதா கவலை? அவர் நமக்கு வானியல் பாடம் நடத்த வரவில்லை. எல்லாம் அறிந்ததாக எண்ணிப் புறப்படும் நம் செருக்கைப் பார்த்துச் சிரிக்க வந்தார். பிழை எண்ணிய என் தாளில் 14 வரிகள் இருந்தன. இந்த ஒன்றை நான் எழுதவே இல்லை.

பின்பு உலகமே அறிந்த அந்தக் காட்சி. நிலவு ஒரு மனித முகமாக நம்மை நோக்கி வருகிறது. திடீரென அதன் வலக்கண்ணில் குண்டு பாய்ந்து குத்திட்டு நிற்கிறது. நிலவு முகத்தைச் சுளிக்கிறது. கேமரா அசையவில்லை, நிலவுதான் கேமராவை நோக்கி நகர்ந்தது. நிலவில் வாழும் விந்தை மனிதர்களாகப் பாரிசின் புகழ்பெற்ற கேளிக்கை அரங்கொன்றின் கழைக்கூத்துக் கலைஞர்கள் துள்ளிக் குதித்தார்கள். குடையால் ஒரு தட்டுத் தட்டினால் அவர்கள் புகையாக வெடித்து மறைகிறார்கள். முடிவில் குண்டு கடலில் விழ, கப்பல் ஒன்று அதைக் கட்டி இழுத்து வருகிறது. எல்லாம் பிழையான அந்தப் படத்தில் இது மட்டும் எப்படியோ பலித்துவிட்டது. 1969 ஜூலை 24ஆம் நாள் அப்பல்லோ 11 விண்கலம் நிலவிலிருந்து திரும்பிப் பசிபிக் கடலில்தான் விழுந்தது. கப்பல்தான் வீரர்களை ஏற்றிக்கொண்டது.

படத்தின் சில பிரதிகளுக்கு வண்ணமும் தீட்டினார்கள். துய்லியே அம்மையார் என்பவர் பாரிசில் நடத்திய வண்ணக்கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒருத்திக்கு ஒரு வண்ணமாகப் பிரித்துக்கொண்டு, பிலிமின் ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய தூரிகையால் தீட்டினர். அந்தப் படத்தில் 13,375 கட்டங்கள். அந்தப் பெண்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

களவும் கடனும்

படம் பெருவெற்றி பெற்றது. ஆனால் வெற்றியின் பயன் அவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்நாளில் படங்களை வாடகைக்கு விடும் வழக்கம் இல்லை. பிரதியைத் துணி விற்பது போல அளந்து விலைக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவர் அதைப் பார்த்து மறுபிரதி எடுத்தால் தடுப்பார் இல்லை. அமெரிக்காவில் எடிசனின் நிறுவனமும் லூபின் என்பவரின் நிறுவனமும் நிலவுப் படத்தின் கள்ளப் பிரதிகளை எடுத்து விற்றன. அங்கே கோடிக்கணக்கான கண்கள் பார்த்துச் சிரித்த படத்தால் மெலியேயின் பைக்கு வந்தது மிகச் சொற்பம்.

இதைத் தடுக்க 1903இல் தமையன் காஸ்தோன் நியூயார்க் சென்று கிளை தொடங்கி, படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். மெலியே தம் காட்சித் திரைகளிலேயே நட்சத்திர முத்திரையை வரைந்து வைத்தார். சில ஆண்டுகள் நன்றாகவே ஓடின. 1904இல் எடுத்த மற்றொரு விந்தைப் பயணப் படத்தில், கொட்டாவி விடும் கதிரவனின் வாய்க்குள்ளேயே தொடர்வண்டியை ஓட்டினார்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. திரைப்படம் கைத்தொழிலாக இருந்தது போய் ஆலைத்தொழிலாயிற்று. வாரந்தோறும் ஆயிரம் அடிப் புதுப்படம் வேண்டும் என்றது அமெரிக்கச் சந்தை. பிரெஞ்சு நாட்டிலேயே பாத்தே போன்ற பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துப் படம் செய்து குவித்தன. ஒவ்வொரு திரையையும் தம் கையால் தீட்டிக்கொண்டிருந்த ஒருவர் என் செய்வார்? மக்களும் தீட்டிய திரைகளை விட்டு, உண்மையான தெருக்களையும் மலைகளையும் திரையில் காண விரும்பினார்கள். மெலியே மாறவில்லை. மாற முடியவில்லை என்பதே சரி. பிறர் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. 1896இல் எப்படிக் கேமராவை மேடைக்கு எதிரே நிறுத்தினாரோ, 1912இலும் அப்படியே நிறுத்தினார் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1911இல் வீட்டையும் படப்பிடிப்பு நிலையத்தையும் ஈடு காட்டிப் பாத்தே நிறுவனத்திடம் பணம் பெற்றுப் படம் எடுத்தார். துருவப் பயணம் பற்றிய அவருடைய பெரிய படம் 1912இல் வெளிவந்து தோற்றது. தமையன் காஸ்தோன் தம் குழுவோடு தென்கடல் தீவுகளுக்கும் ஆசியாவுக்கும் சென்று எடுத்தனுப்பிய படச்சுருள்கள் பழுதடைந்து வந்தன. அந்தக் கிளையும் மூழ்கியது. 1913இல் மனைவி இறந்தார். அதே ஆண்டோடு அவருடைய திரைப்பட வாழ்வும் முடிந்தது.

எரிந்த படங்கள்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. கண்ணாடி மாளிகை காயமுற்ற வீரர்களின் மருத்துவமனையாயிற்று. அவருடைய 400க்கும் மேற்பட்ட படங்களின் பிரதிகளை இராணுவத்தார் எடுத்துச் சென்று உருக்கினார்கள். அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தபின், எஞ்சிய செல்லுலாய்டைக் கொண்டு எதைச் செய்தார்கள் தெரியுமா? பூட்சுகளுக்குக் குதிகால் கட்டை செய்தார்கள். காலணித் தொழிலை விட்டு ஓடிவந்த மகனின் கலை, மீண்டும் காலணியாகவே முடிந்தது!

1923இல் இடிமேல் இடி. சாலையை விரிவாக்குவதற்காக ராபர்ட்-ஹூடின் அரங்கு இடிக்கப்பட்டது. கடனுக்காக மொந்த்ரேய் நிலையமும் கைவிட்டுப் போயிற்று. அங்கே பெட்டி பெட்டியாக அவருடைய படங்களின் நெகட்டிவ்கள் இருந்தன. கொண்டுபோய் வைக்க இடம் இல்லை. ஆத்திரமும் துயரமும் ஒருசேர, அந்த நெகட்டிவ்களை எல்லாம் மெலியே தம் கையாலேயே தீயிட்டு எரித்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று மேலே படிக்க முடியவில்லை.

பொம்மைக் கடை

1925இல் மெலியே, தம் பழைய படங்களில் நடித்தவரான ழான் டால்சி என்னும் அம்மையாரை மணந்துகொண்டார். அவருக்கு மோன்பர்னாஸ் தொடர்வண்டி நிலையத்தில் மிட்டாயும் பொம்மையும் விற்கும் சிறு கடை ஒன்று இருந்தது. 60 வயதைக் கடந்த மெலியே அந்தக் கடையில் அமர்ந்தார். ஒருகாலத்தில் நிலவையும் கதிரவனையும் ஆட்டிவைத்தவர், வண்டி பிடிக்க ஓடும் பயணிகளின் பிள்ளைகளுக்கு மிட்டாய் மடித்துக் கொடுத்தார். கடந்து சென்றவர்களில் பலர், சிறு வயதில் அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். கடைக்காரர் யார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அந்த நிலையிலிருந்து அவரைத் திரையுலகப் பத்திரிகையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். செய்தி பரவிற்று. பழைய மாளிகை ஒன்றின் பால்பண்ணைக் கட்டடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அவருடைய படங்கள் சிலவும் அகப்பட்டன. 1929 டிசம்பர் 16ஆம் நாள் பாரிசின் பிளேயல் அரங்கில் அவருக்குப் பெருவிழா எடுத்து அந்தப் படங்களைக் காட்டினார்கள். 1931இல் பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருதான லெஜியன் ஆப் ஆனர் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பதக்கத்தை அணிவித்தவர் லூயி லூமியேர்! கருவியைத் தர மறுத்த குடும்பம், 36 ஆண்டுகளுக்குப் பின் பதக்கத்தைத் தந்தது.

1932இல் ஓர்லி என்னும் ஊரில் திரைக்கலைஞர்களுக்கான முதியோர் இல்லத்தில் மனைவியோடும் பேத்தியோடும் இருக்க இடம் கிடைத்தது. திரைக்கலையை விரும்பிய இளைஞர்கள் அங்கே தேடிவந்து பழகினார்கள். அவர்களுள் ஹென்றி லாங்லுவா என்பவர், பழைய படங்களைத் திரட்டிக் காக்கும் திரைப்படக் காப்பகத்தைப் பின்பு பாரிசில் நிறுவியவர். 1938ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள், தம் 76ஆம் வயதில், மெலியே காலமானார்.

எஞ்சியவை

அவர் எடுத்த படங்கள் ஏறத்தாழ 520. இன்று கிடைத்திருப்பவை 200க்குச் சற்று மேல். அவை எப்படிப் பிழைத்தன? அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கியவர்களிடமும், அவரிடமிருந்து திருடியவர்களிடமும் இருந்த பிரதிகளாலேயே பிழைத்தன! கள்ளப் பிரதிகள் அவர் வாழ்வைக் கெடுத்தன என்பதும் உண்மை. உலகெங்கும் பரவிக் கிடந்த பிரதிகளே அவர் கலையைக் காத்தன என்பதும் உண்மை. வரலாற்றின் கணக்கு நம் கணக்குப் போல நேராக இருப்பதில்லை.

வண்ணம் தீட்டிய நிலவுப் படம் ஒன்றுகூட இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1993இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் ஒரு பிரதி கிடைத்தது. பிலிம் முழுவதும் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. அதை மாதக்கணக்கில் வேதிப்பொருள் ஆவியில் வைத்து இளக்கி, மெல்ல மெல்லப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடித்துச் செப்பனிட்டனர். 2011ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் அது மீண்டும் திரையேறிற்று. பெயர் தெரியாத அந்தப் பெண்கள் தீட்டிய வண்ணம், 109 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒளிவிட்டது. நாங்கள் எங்கள் மன்றத்தில் கண்டதும் அந்தப் பிரதிதான்.

முன்பு சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நானும் குறிப்பேட்டின் ஓரத்தில் ஆசிரியர்களை வரைந்தவன்தான். ஆறு குறிப்பேடுகள் நிறைய வரைந்து வைத்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. இந்தப் படங்களால்தான் படிப்புக் கெட்டது என்று எனக்கே ஆத்திரம் வந்து, வீட்டில் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அம்மா தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. ஐந்து எரிந்தன. ஆறாவது எங்கே என்று அன்று தேடியும் கிடைக்கவில்லை. அதைத் தன் தோழிகளுக்குக் காட்ட என் தங்கை பள்ளிக்கு எடுத்துப் போயிருந்தாள். நான் எரித்ததைப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் தன் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள். மெலியேயைப் பற்றிப் படித்துவிட்டு நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அன்றுதான் அதை எடுத்து வந்து என் முன் வைத்தாள்.

நான் மெலியே அல்லன். என் படங்களும் உலகம் இழந்த செல்வம் அல்ல. ஆனால் ஒன்று புரிந்தது. தோல்வி வரும்போது நம் உழைப்பின் மேல் நமக்கே வெறுப்பு வருகிறது. அந்த நேரத்தில் எதை எரிக்கலாம், எதை வைக்கலாம் என்று முடிவு செய்யும் தகுதி நமக்கு இருப்பதில்லை. அன்று மொந்த்ரேயில் அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க ஒரு தங்கை இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன். தோழர்களே, உங்கள் கையெழுத்துப் பிரதியோ, ஓவியமோ, செய்முறைக் குறிப்போ, எதுவாயினும் கோபத்தில் எரிக்காதீர்கள். பிறர் எரிக்க முற்பட்டால் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியரிடம் சென்று என் விடையைச் சொன்னேன். படம் எடுத்தவருக்குப் பிழை தெரியாமல் இல்லை ஐயா, எனக்குத்தான் படம் பார்க்கத் தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார். பேனாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பேனாவினால்தான் இக்கட்டுரையை எழுதினேன்.